பதினேழு வினாடி

தேங்காப்பட்டணத்தில் ஏலம் முடிந்து
பஸ் பிடித்துக் கருங்கல் வந்து
மாடி ஏறினார் ததேயுஸ்.
பிளாஸ்டிக் உறைக்குள் போன்,
திரையில் உப்பு காய்ந்த வெள்ளை.
"கப்பலுக்க பேரு மட்டும் தெரிஞ்சா போதும், எக்கா."

நான் கல்யாணங்களை ஆடாமல் நிறுத்துகிறவள்.
கீழே ரப்பர் ஷீட் கடை, மேலே நான்,
நடுவில் அந்தப் புகை மணம்.
தாலி ஏறும் நொடியில்
யாரோ முழங்கையை இடித்திருப்பார்கள்.
ஒரு புள்ளியைக் காட்டி மென்பொருளிடம் சொல்வேன்:
இது அசையாது,
மற்றதெல்லாம் இதற்கு அடங்கட்டும்.

இது பதினேழு வினாடி.
விடியாத கடல். ஒரு கறுப்புச் சுவர்
படத்துக்குள் வருகிறது, போகிறது,
திரும்ப வானத்திலிருந்து விழுகிறது.
பிறகு ஒரு கால் பெருவிரல். வலை. இருட்டு.
எடுத்தவன் ஜெரிஷ்.
வலது மணிக்கட்டு உடைந்து
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.
உடைந்த பிறகு எடுத்தானா, எடுக்கும்போது உடைந்ததா?
ததேயுஸுக்குத் தெரியவில்லை.
நான் கேட்டிருக்கக் கூடாது.

எதை நிறுத்துவது?
முதலில் தொடுவானத்தைக் கொடுத்தேன்.
கோடே இல்லாத இருட்டில் தேடித் தேடி
ஏதோ ஓர் அலையைத் தொடுவானமென்று
நம்பிவிட்டது மென்பொருள்.
அடுத்து வள்ளத்தின் அணியம்.
வள்ளம் கட்டில்போல் கிடந்தது,
கடல்தான் எழுந்தெழுந்து குதித்தது.
பின்னால் நின்ற ததேயுஸ் சிரித்துவிட்டார்.
"நமக்கு இப்பிடித்தான் எக்கா இருக்கும்."

மூன்றாவது முறை,
பத்தாம் வினாடியில், துருவுக்கு மேலே,
வெள்ளையாய் ஓர் எழுத்தின் கால்.
அதன்மேல் குறியை வைத்தேன்.
நாற்பது சதம். ஐம்பத்தைந்து. கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டு அதுவும் அடங்கியது.
வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

முடிந்தபோது
அத்தனை இரும்பும் நுங்குபோல் துளும்பியது.
எழுத்துகள் மட்டும் நின்றன.
ஆர். ஏ.
மூன்றாவது என்னா, எம்மா,
லென்ஸில் ஒரு துளி உட்கார்ந்திருக்கிறது.

விளிம்பை நான் வெட்டவில்லை.
வெட்டினால் திரை நிறையும்,
கல்யாண வீட்டார் அதைத்தான் கேட்பார்கள்.
வெட்டினால் இடது ஓரத்தில்
ஒரே வினாடி தெரிகிற அந்தக் கை போய்விடும்,
கயிற்றைப் பிடித்திருக்கும் கை,
யாருடையது என்று ததேயுஸ் சொல்லவில்லை.
வெட்டாததால்
எழுத்துகள் நடுவில் அறைந்ததுபோல் நிற்க
படத்தின் சட்டம் ஆடியது.
சுற்றிலும் கறுப்பு,
அதில் ஏறி, இறங்கி, ஒருக்களித்துச் சாய்ந்து
ஒரு சின்னச் செவ்வகம்.
ததேயுஸ் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

குரலுக்கு இந்த வசதி கிடையாது.
"பேர வாசில, லேய், பேர வாசி" என்று
ஒருவர் கத்துவது
எடுத்தபடியே நடுங்கியது.

மறுநாள் குளச்சலில்
இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம்.
நல்லாத் தெரியுது என்றார்களாம்.
கைவைத்த படம் செல்லாது,
ஆட்டத்தோடு உள்ளதைக் கொண்டா என்றார்களாம்.
போனில் இதைச் சொல்லிவிட்டு
"காசு எவ்வளவுக்கா" என்றார்.

ஒரு துண்டுத்தாளில்
ஆர், ஏ என்று எழுதி
மூன்றாவதுக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.
அதையும் அவரிடம் தரவில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாலப்பள்ளம் கல்யாணம் பாக்கி.
பெண்ணின் தம்பி சிரித்துச் சிரித்து எடுத்த
நான்கு நிமிடம்,
பந்தலே குலுங்குகிறது.
குறியைக் கொண்டுபோய்
அவள் மூக்குத்தியில் வைத்திருக்கிறேன்.
திங்கள்கிழமை கேட்டிருக்கிறார்கள்.