கதவுக்கு அடியில்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு
பாண்டியன் நகர் லைன் வீட்டில்
எட்டாம் நம்பர் கதவை
மூன்று முறை தட்டுவது என் வேலை.
சம்பளம் கிடையாது.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட்டும் கிடையாது.
டீக்காசு உண்டு, நோட்டில் எழுதினால்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:
"தமயந்தி வந்திருக்கறனுங்க.
பஞ்சர் கடை மேல் ரூம்ல
இன்னிக்கு ஆளுங்க இருக்கறோம்.
மத்தியானம் அரிசிம்பருப்பு."
வெளியே வாங்க என்று சொல்லக்கூடாது.
என்ன ஆச்சு என்று கேட்கவே கூடாது.
கதவாவது கேட்டிருக்கும் என்று
திரும்பிவிட வேண்டும்.

உள்ளே இருப்பவர் சென்னியப்பன்.
கட்டிங் மாஸ்டர்.
நூறு அடுக்குத் துணியைக்
கோடு பிசகாமல் அறுத்தவராம்.
நான்கு வருஷமாக
நிலைப்படிதான் அவருக்குக் கோடு.
மசை, என்கிறார்கள் குழாயடியில்.
அந்தச் சொல் எனக்கும் பழக்கம்,
வேறொரு தெருவில்.

நான் செக்கிங்கில் இருந்தவள்.
பதினோரு வருஷம் ட்யூப் லைட்டுக்குக் கீழே
பனியனில் ஓட்டை தேடினேன்.
கண்டுபிடித்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம்.
ஓர் ஆடி மாதம் தூக்கம் போனது.
கண்ணாடி முன்னால், கையில் ஸ்டிக்கர் தாளோடு,
எந்த இடத்தில் ஒட்டுவது என்று...
அதை விடுங்கள்.
ரூமில் யாரும் அதைக் கேட்டதில்லை.

ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
மழைக்கு மூலையில் ஒரு வாளி.
கேரம் போர்டில் ஒரு காய் குறைவு,
அந்த இடத்தில் கோட்டுப் பொத்தான்.
ஒடிசாக்காரர் திகம்பர்
யாரோடும் பேசாமல் பூண்டு உரிப்பார்,
உரித்து முடித்ததும் இன்னும் இருக்கா என்று பார்ப்பார்.
பேக்கரிக்காரர் நூறு,
மருந்துக்கடைப் பெண் ஐம்பது,
பேர் போட வேண்டாம் என்கிற ஒரு கான்ஸ்டபிள் இருநூறு.
மாதம் இப்படித்தான் ஓடுகிறது.

இருபது நாற்காலி தருகிறோம் என்று
ஒரு சங்கம் வந்தது,
ஃப்ளெக்ஸில் எங்கள் முகம் வேண்டுமாம்.
"மூஞ்சி வாடகைக்கு உடறதில்லீங்க"
என்றார் கணக்கெழுதும் பூங்கோதை.
எல்லோரும் பாயில் உட்காருகிறோம்.
முட்டி வலிக்கும்போது மட்டும்
நாற்காலியை வாங்கியிருக்கலாமோ என்று
எனக்குத் தோன்றும்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் நான் பேசப் பேச
உள்ளே ஃபேன் சத்தம் நின்றது.
ஐந்தாம் வாரம் நான் போகவில்லை.
என் கதவே எனக்குக் கனத்துக் கிடந்தது.
பூங்கோதை வந்து மூன்று முறை தட்டி,
சொல்ல வேண்டியதைச் சொல்லி,
திரும்பிப் போனார்.
அதுவும் நோட்டில் இருக்கிறது.

பதினொன்றாம் வாரம்,
தட்டி, சொல்லி, செருப்பைத் தேடும்போது
கதவுக்கு அடியில்
ஈபி அட்டை வந்தது.
நடுவில் மடித்த ஐந்நூறு.
ஒரு பேச்சில்லை.

கரண்ட் ஆபீசில் நாற்பது நிமிஷ வரிசை.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
"இவர் உங்களுக்கு யாருங்க?" என்றாள்
கவுண்டர் பெண், சும்மாதான்.
"ஒறம்பரைங்க" என்றேன்.
வாயில் எப்படி வந்ததோ.

மீதி நூற்றி எண்பத்தெட்டு.
நோட்டுகள் சுலபமாக நுழைந்தன.
பழைய ஐந்து ரூபாய்க் காசு தடிமன்,
பலகைக்கும் தரைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.
இந்தப் பக்கமிருந்து
நகத்தால் தள்ளினேன்.
நகரவில்லை.
மறுபடி தள்ளினேன்.
அந்தப் பக்கமிருந்து
ஒரு நகம் இழுத்தது.

"மீதி சரிங்களா?"
கேட்கக்கூடாத கேள்விதான், கேட்டுவிட்டேன்.
எதிர்வீட்டுக் குக்கர்
மூன்று விசில் அடித்து அடங்கியபின்
கதவு சொன்னது:
"எண்ணோணும்ங்க."

ரூமுக்குப் போய் நோட்டில் எழுதினேன்.
டீ, பத்து ரூபாய்.
எட்டாம் நம்பர்:
எண்ணிக்கொண்டிருக்கிறார்.