நாலாம் பிணம்

துரின் நகரத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்.
அந்தப் படத்தின் கசெற்
உலகத்தில் பதினொன்றுதான் மிச்சமாம்.
பூஞ்சணம் பிடிக்காததென்றால் தொள்ளாயிரம் யூரோ,
பிடித்ததென்றால் நானூறு.
என்னிடம் இருப்பது நானூறு.

எழுபத்தொன்பதில் வந்தார்கள்.
உலகம் அழிந்தபிறகு எப்படியிருக்கும் என்று காட்ட
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளே போதுமாயிருந்தன.
துருவுக்குச் செலவில்லை.
எங்களுக்கு நாளுக்கு முப்பது ரூபா, பாணும் சம்பலும்.
தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஐம்பது,
அவர்கள் ஓடவேண்டுமே.
நான் பிணம். நாலாவது.

சேகரிப்பவர்களுக்கு மான்களில் ஒரு பைத்தியம்.
ஆளில்லாத தெருவில் புள்ளிமான் கூட்டம்
சுவரொட்டியைக் கிழித்துத் தின்றபடி போகும்.
அவ்வளவு சின்னக் காசில் எப்படிப் பழக்கினார்கள்,
எந்த சர்க்கஸ்?
பின்னேரம் ஒருக்கால் எங்கள் பஸ் நிலையத்துக்கு வந்து பாருங்கோ
என்று எழுதினேன்.
நம்பவில்லை.

எழுபத்தோராம் நிமிடம்தான் அவர்களுக்குக் கோயில்.
அதில் ஒரு பிணம் சிரிக்கிறது.
பிழையா, தத்துவமா,
இருபது வருஷமாய்ச் சண்டை.
ஒருவர் அதைப் பச்சை குத்திப் படமும் அனுப்பினார்:
என் பல், என் மூக்குத்தி,
யாரோ ஒருவரின் தோள்.

ஐயா, அது மான்.
வெயிலில் கிடந்து கிடந்து
உள்ளங்காலில் உப்புப் பூத்திருந்தது. வந்து நக்கியது.
பத்தொன்பது வயதில் நான் வேறென்ன செய்ய?
மூன்றாம் பிணம் றிபாயா
"சிரியாதை, காசு தரமாட்டாங்கள்" என்று
பல்லைக் கடித்தபடி தானும் குலுங்கினாள்.
அவளை வெட்டிவிட்டார்கள்.
பிலிம் முடிந்துபோனதால் என்னை விட்டுவிட்டார்கள்.

இப்போது ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்.
கடைசியில் தாங்கிகளுக்கு இடையால் ஓடுகிற அந்த ஒன்பது பேர்.
இரண்டே பத்தி:
பெயர்,
இப்போது என்ன செய்கிறார்.

கசெற்றைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.
தவபாலன், ரொறொன்ரோவில் லொறி ஓட்டுகிறான்.
இராசமலர், உவர்மலையில் பேரப்பிள்ளைகளோடு.
மூன்றாவது ஆளின் முகம் முழுக்கப் பூஞ்சணம்.
சேட்டைத் தெரியும். நான்தான் தைத்தது.
பெயரை எழுதினேன்.
எண்பத்தைந்தாம் ஆண்டு, ஒரு வைகாசி, பாலையூற்றுச் சந்தி,
இதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

ஓடுகிறான் என்று எழுதினேன்.
படத்தில் ஓடுகிறான்தானே.

அடியில் இன்னொரு வரி:
ஐந்நூறென்றால் யோசிக்கலாம்.