மற்றவை

உங்க அட்டைப்படி நீங்க இன்னும் பிறக்கவே இல்லை என்றேன்.
பிறந்த வருடம் இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று.
கணினி சிவந்து நின்றது.
டம்பர் ரோகாயா சிரித்தார்.
எங்க பஞ்சாங்கம் அப்படி அக்கா, ஐம்பத்தேழு கழிங்க.

கழித்தேன். பிறந்தார்.

கீழக்கரையில் இந்தக் கவுண்டருக்குப்
பணம் வரும்.
ஷார்ஜாவிலிருந்து, தம்மாமிலிருந்து,
என் மச்சானிடமிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.
வாங்க நீளும் கைகளையே பார்த்துப் பழகிய கண்ணாடி.
அனுப்ப வருகிறவர் இவர் ஒருத்தர்தான்.
மாதம் ஆறாயிரம், சில மாதம் நாலு.
என் செல்லில் இவர் வெறும் கூர்க்கா.
படிவத்தில்தான் பெயர்.

பதினோரு மணி விசில்
பத்தே முக்காலுக்கே வந்துவிடும்.
கைக்கடிகாரத்தைத் திருத்த மாட்டார்.
கால் மணி நேரம் முந்திக்கொண்ட நாட்டை
மணிக்கட்டில் கட்டிக்கொண்டு
ஆம்பளை இல்லாத பதினெட்டு வீட்டைக் காவல் காக்கிறார்.
எங்கள் தெருவோ
துபாய் நேரத்துக்குத்தான் தூங்கப் போகும்.

போன தீபாவளிக்கு,
வெடிக்குப் பயந்து கருவாட்டுக் கிடங்கின் பின்னால்
ஒடுங்கிக் கிடந்த நாய்களுக்கு
ஒவ்வொன்றாய்ச் செவ்வந்தி மாலை போட்டார்.
நெற்றியில் குங்குமம். ஆளுக்கொரு பன்.
அவர் ஊரில் அன்றைக்கு நாய்களுக்குத் திருநாளாம்.
எதுக்குப்பா கல்யாணம், இதுக்கா அதுக்கா என்றார் மீராலெப்பை காக்கா.
நானும் சிரித்தேன்.
காது அறுந்த ஒன்று
ஒரு வாரம் பொட்டோடு அலைந்தது
கடற்கரைப் பக்கம்.

இன்றைக்குப் படிவத்தில்
பணம் எதற்கு என்ற இடத்தில் தயங்கினார்.
குடும்பப் பராமரிப்பு இல்லையாம்.
படிப்பு இல்லை. மருத்துவமும் இல்லை.
மற்றவை என்று தட்டினால் விளக்கம் கேட்கும்.

ரூம் கட்ட, அக்கா. மக பினிதாவுக்கு.
பதிமூணு வயசு.
போன மாசத்திலிருந்து
சாவ் குடிசையில படுக்க வைக்கிறாங்க.

சாவா? யாருக்கு, என்று கேட்டுவிட்டேன்.

இல்லக்கா. மாசாமாசம் வருமே.
எங்க பாஷையில அதுக்கு அதான் பேர்.
கொஞ்சம் நிறுத்தி,
நீங்க நினைக்கிறதும் நடக்கும் என்றார்.
குளிருக்கு நெருப்பு மூட்டி, புகையில் ஒரு சித்தி.
அடுத்த மழைக்குப் பாம்பு, பக்கத்து வீட்டில்.
போலீஸ் வந்து இடித்துவிட்டுப் போனது.
இவர் அம்மாவே திரும்பக் கட்டினாளாம்,
முன்னைவிடக் கொஞ்சம் தாழ்வாக.
வீட்டுக்குள் வைத்தால் எருமைக்குப் பால் வற்றும்.
தெய்வம் மலையிலிருந்து பார்க்கும்.

உங்க ஊர்ல எப்படி அக்கா?

இங்கே அப்படியெல்லாம் கிடையாது,
என்று நாக்கு வரை வந்தது.
மேசைக்கடியில் காலில் உரசியது
மத்தியானம் மருந்துக்கடைப் பையன்
பேப்பரில் சுற்றி
கறுப்புக் கவரில் போட்டு
என் முகத்தைப் பார்க்காமல் நீட்டிய பொட்டலம்.

நோன்பு விடுபடும் நாட்களில்
அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான்
தண்ணீர் குடிப்பேன்.
என் மகனைக் கேட்டால்
உம்மா முப்பதும் பிடிப்பாள் என்பான்.

எங்க ஊர்ல கதவு இருக்கு, என்றேன்.

அது பதிலா என்று தெரியவில்லை.
அவர் அதைக் கவனமாக வாங்கிக்கொண்டார்,
கொத்தனாரிடம் அளவு சொல்லப்போகிறவர் போல.
தாழ்ப்பாள் உள்பக்கமா?
உள்பக்கம்தான்.

விளக்கத்துக்கு இருபது எழுத்துத்தான் இடம்.
வீடு பழுதுபார்ப்பு என்று அடித்தேன்.
பெறுநர் அவர் தம்பி.
மகள் பெயரில் கணக்கு இல்லை, மனைவி பெயரிலும்.

கச்சான் காற்று ரசீதைப் பறிக்கப் பார்த்தது.
அதில் நேரம் 6.10 என்று அச்சாகியிருந்தது.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
அதை அடித்துவிட்டு
6.25 என்று எழுதி
நாலாக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.