முன்முடி

பூம்பாறையில் மூன்று நாளாய் மூடுபனி.
இவளுக்கு அது வருஷம் பூராவும்தான்.
தலையில் டேலியாப் பூவாய் விரிந்த இறகு
கண்ணிரண்டையும் மூடிக் கிடக்கும்.

தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டையை நனைத்துவிட்டு
குளிரில் விறைத்து நிற்பாள்.
மருந்துக் குப்பியை அறுத்து வைத்தேன்,
அலகு மட்டும் நுழைகிற அளவு.
நாட்டுக்கோழிகள் பிடுங்கிய இடத்தில்
மஞ்சளும் வேப்பெண்ணெயும்.
பேன் பார்த்தேன். செலின் தலையில்கூட
இவ்வளவு பொறுமையாய்ப் பார்த்ததில்லை.

"பவுனு" என்றால் போதும்.
சுவரில் முட்டி, பூண்டு மூட்டையில் முட்டி
குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

நேற்று பனி விலகியது.
பருந்து தாழப் பறந்தது.
பயந்துபோய்க் கண்ணோரம் கத்தரித்தேன்.

செம்பழுப்பாய் ஒரு கண் வெளியே வந்தது.
தலையைச் சாய்த்து
மேலும் கீழும் என்னைப் பார்த்தாள்.

பவுனு, என்றேன்.

எதிலும் முட்டாமல்
பூண்டுக் காட்டுக்குள் நடந்தாள்.