இருபத்து நான்கு வோல்ட்

துக்ம் என்று எழுதிய பலகையைச்
சேசையா எப்போதும்
துக்கம் என்றே வாசிப்பான்.
அங்கிருந்து ஹைமாவுக்கு
ஒற்றைச் சாலை.
பின்னால் எண்ணூறு கிலோ சூரை.
ஐஸ் கரைவதற்குள் போனால் மீன்,
இல்லையென்றால் நாற்றம்.

இடது விளக்கு செத்து ஒன்பது நாள்.
பல்ப் ஒன்றரை ரியால்.
புக்ரா என்றார் அர்பாப்.
புக்ரா என்றால் நாளை என்று
வந்த புதிதில் நம்பியிருந்தேன்.

வலது விளக்கு எரியும். ஆனால்
வெயில் தின்று மஞ்சளான கண்ணாடி.
பற்பசை போட்டுத் தேய்த்தால்
இரண்டு நாள் பளிச்சென்றிருக்கும்,
பிறகு மறுபடி புரை விழும்.
கொக்கி உடைந்ததைக்
கட்டுக்கம்பியால் முடிந்து வைத்திருக்கிறேன்.
அது குலுங்கிக் குலுங்கி
மெல்ல அண்ணாந்து
சாலையை விட்டுவிட்டு
எதிரே வருகிறவன் முகத்தைப் பார்க்கும்.
அவர்களும் பளிச் பளிச்சென்று
விளக்காலேயே திட்டிவிட்டுப் போவார்கள்.
நான் பதிலுக்குத் திட்டுவதில்லை.
திட்டுவதற்கும் விளக்கு வேண்டும்.

ஒட்டகம் வந்தால்
கால்கள்தாம் முதலில் தெரியும்.
நான்கு கழிகள் சாலையைக் கடக்கின்றன
என்று நினைத்து முடிப்பதற்குள்
மிச்ச ஒட்டகம்
மடியில் வந்து விழும்.
அதற்காகத்தான் சேசையாவைத் தூங்க விடுவதில்லை.

அன்று வந்தது ஒட்டகம் இல்லை.
தூரத்தில் ஒற்றை வெளிச்சம்.
"பைக்கு" என்றான்.
இந்நேரம் இந்தப் பாலையில் பைக்கா
என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.
பைக்குக்கு எவ்வளவு இடம் வேண்டும்?
வலது ஓரம் மணல் ஏறிக் கிடந்தது,
நடுக்கோட்டை ஒட்டியே ஓட்டினேன்.
எதிரே அவனும்
அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அந்த வெளிச்சத்துக்கும் எனக்கும்
நடுவில் இருந்த இருட்டு
சட்டென்று இரும்பாயிற்று.
டிரெய்லர்.

பக்கக் கண்ணாடி போயிற்று.
அது மட்டும்தான்.
மணலில் புதைந்து நின்றபோது
பின்னால் சூரைகள்
ஒருமுறை புரண்டு படுத்தன.

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
ஒருவன் நடந்து வந்தான்.
ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்தான் சேசையா.
வந்தவன் எங்களைப் பார்க்கவே இல்லை.
குனிந்து இடது விளக்கைத் தொட்டான்.
பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்
தன் வண்டியின் இடது விளக்கைக் காட்டினான்.
விளக்கில்லை, குழி.
கல் அடித்ததாம். அவன் முதலாளியும்
புக்ரா சொல்கிறவராம்.
பெயர் ஜர்வலி, பெஷாவர் பக்கம்.

இருவருக்கும் இடது.
ஒருவரை ஒருவர் கடக்கிற பக்கம்.

அவனிடம் பல்ப் இருந்தது, மாட்ட இடமில்லை.
என்னிடம் இடமிருந்தது.
ஆனால் அது லாரி பல்ப், இருபத்து நான்கு வோல்ட்.
என் பேட்டரி பன்னிரண்டு.
"சலேகா நஹீ" என்றேன்.
"தோடா சலேகா" என்றான்.

தோடா எரிந்தது.
ஊதாமல் விட்ட கங்கு மாதிரி.
அந்த வெளிச்சத்தில்
என் செருப்புகூட எனக்குத் தெரியவில்லை.
அவன் சாலையோடு நடந்து நடந்து
வெகுதூரம் போய் நின்று,
திரும்பிப் பார்த்து,
போன் வெளிச்சத்தில் கையைத் தூக்கி
இரண்டு விரல் காட்டினான்.

மினுங்கும் பட்டைபோட்ட தன் சட்டையை
மீன் செதிலோடு கழற்றி
அவன் குழியில் திணித்துக் கட்டினான் சேசையா.
சட்டை இல்லாமல் துறைமுகத்துக்குள் போனால்
ஐந்து ரியால் அபராதம் என்று
வழி நெடுகப் புலம்பினான்.

ஹைமாவில் மீன் லேசாக நாறியது.
விலை குறைத்தார்கள்.
போனில் அர்பாப் கத்தியதில்
ஒன்றரை ரியால் விஷயத்தைச் சொல்ல
இடம் கிடைக்கவில்லை.

திரும்புகையில்
அதே சாலை, அதே கங்கு.
எதிரே தொலைவில் வந்த யாரோ ஒருவன்
திட்டாமல்,
ஒரு காருக்கு வேண்டிய இடத்தை
முழுதாக விட்டு
ஒதுங்கிப் போனான்.