இரண்டாவது தட்டு

காலை ஏழு பத்துக்குத் தபால் வரும்.
வெர்டெல் ப்ரூயிட் வருவது எட்டு மணிக்கு.
நடுவில் இருக்கும் ஐம்பது நிமிடம்
என் வேலை விவரத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

மேசையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன்.
முதல் தட்டில்
கார்வர் தெருக் குழி,
நிரம்பி வழியும் சாக்கடை,
பனிவாரி வண்டி இடித்துச் சாய்த்த தபால் பெட்டிக்கு
நாற்பத்தொரு டாலர் கேட்டு
நடுங்கும் கையெழுத்தில் ஒருவர்.
இரண்டாவது தட்டில்
பெயர் போடாதவர்கள்.

இந்த ஏரிக்கரை ஊரின் சாலைத் துறைக்கு
தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவள்.
வந்த குளிர்காலத்திலேயே
உப்பு வண்டிகளின் வரிசையை மாற்றினாள்.
முன்பு மேட்டு வீடுகளில் தொடங்கும்.
இப்போது
மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
பேருந்துக்கு நிற்பவர்களின் நடைபாதையில் தொடங்குகிறது.
மேட்டுக்கு உப்பு வர நாற்பது நிமிடம் தாமதம்.
உப்புப் பெறாத நாற்பது நிமிடம்.

அதற்கு எத்தனை தாள்!
ஒன்று வாசனைத் தாளில்.
ஒன்று பிழையே இல்லாத இலக்கணத்தில்.
ஒன்றில் சொற்களே இல்லை, கயிறு மட்டும்.
வரைந்தவன் பொறுமைசாலி,
ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக முறுக்கியிருந்தான்.

தேதி முத்திரை குத்துவேன்.
காவல்துறைக்கு ஒரு நகல்.
மீதியை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவேன்.
எட்டு மணிக்கு
காலணியில் உப்புக் கறையோடு வந்து நிற்பாள்.
"இன்னிக்கு என்ன, மரிசெலா?"
"குழிதான்."
சிரிப்பாள்.

மேயர் அலுவலகம் அவளுக்குக் கேடயம் கொடுத்தது.
நகர நாட்காட்டியில் பிப்ரவரிக்கு அவள் முகம்.
மன உறுதி வளர்ப்பது எப்படி என்று
அரை நாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டோடு.
அவள் கேட்ட இரண்டு பொறியாளர்களை மட்டும்
இன்னும் கொடுக்கவில்லை.

அவளுக்கு முன்னால்
வீட்டுவசதித் துறையில் எக்தோர் பான்யுவெலோஸ் இருந்தார்.
பதினான்கு மாதம்.
ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை,
நானும்தான்.
கேக் நன்றாக இருந்தது.
மறுநாள் அவர் மேசையை ஒழித்தபோது
கீழ் இழுப்பறை திறக்கவில்லை,
அவ்வளவு தாள் அடைத்திருந்தது.
எல்லாவற்றையும்
தனியாகப் படித்திருக்கிறார் மனிதர்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், பெரும் பனிப்புயல்.
விடியற்காலை மூன்று மணியிலிருந்து சாலையில் நின்றவள்
ஏழே காலுக்கே உள்ளே வந்துவிட்டாள்.
என் கையில் கயிற்றுக்காரனின் இரண்டாவது கடிதம்.
மறைக்கக்கூட நேரமில்லை.

"தெரியும்," என்றாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே.
"வந்த மூணாவது வாரமே தெரியும்.
எந்த ஊர்லயும் வெறும் குழி மட்டும் வராது.
நீ சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"
நாற்காலியை இழுத்துப் போட்டு
கட்டில் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.
எதுவும் பேசாமல் படித்தோம்.
வெந்நீர்க் குழாய் மட்டும் சுவருக்குள் இருமியது.

வியாழக்கிழமை டடேயுஷ் வந்தார்,
மூன்றாம் எண் வண்டியின் ஓட்டுநர்,
முப்பது வருஷமாய் இந்தத் தெருக்களில் உப்பு கொட்டுகிறவர்.
வாசலில் நின்று பார்த்தார்.
"எனக்கும் ரெண்டு குடு."
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.
முதல் கடிதத்திலேயே நிறுத்தி
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்," என்றார்
வெகுநேரம் கழித்து.
அன்று அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இன்று நாற்பத்தொரு டாலர் காசோலை போயிற்று.
பிறகு வெர்டெல் சொல்லச் சொல்ல
மேயருக்கு நான்காவது முறையாக அதே கடிதம்:
இரண்டு பொறியாளர்கள், இந்த மாதத்துக்குள்.
இந்த முறை
அவள் பெயருக்குக் கீழே
இடம் விட்டுத் தட்டச்சு செய்தேன்.
முதலில் நான் எழுதினேன், முழுப் பெயரும்.
டடேயுஷ் பேனாவை உதறி உதறிப் பார்த்தார்.
மை உறைந்திருந்தது.
வண்டிக் கொட்டகையிலிருந்து இன்னும் பதினொரு பேர்
பனியைத் தட்டிக்கொண்டு
படியேறி வரும் சத்தம் கேட்டது.
"வேற பேனா இருக்கா?" என்றார்.