இவ்விடம்

1951 ஏப்ரல், பிராட்ஃபோர்ட்.
திருமதி ஆக்ராய்ட்
குடிக்கணக்குத் தாளைச் சமையலறை மேசையில் விரித்து
மார்மலேட் கறையைக் கட்டைவிரலால் துடைத்தபடி கேட்கிறாள்:
"பிறந்த இடம் என்ன போட, மிஸ்டர் ஸ்டாக்?"
ஸ்தாஹுர்ஸ்கியை மூன்று தரம் எழுதி அடித்த களைப்பு அவளுக்கு.

இருமினேன்.
வந்தது கம்பளி ஆலைத் தூசு.

இருபது வருஷத்துக்கு முன்
தாள் என் கையில் இருந்தது.
போலேசியா மாகாணம், டிசம்பர்.
படகில்லாமல் எட்ட முடியாத ஊர்களுக்குச்
சதுப்பு உறைந்து வழிவிடும் மாதம்.
மை உறையாதிருக்கப் புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சறுக்குவண்டியில் போனேன்.
பெயர். வயது. மதம். தாய்மொழி.

ஹ்வேதர் என்றொருவன்.
அடுப்புக்கு மேலே கயிற்றில்
அயிரை மீன் கோத்துக் காயவிட்டிருந்தான்.
என்ன மொழி பேசுகிறாய்?
"பேசுகிற மொழிதான்."
போலிஷா, உக்ரேனியமா, ருஷ்யனா?
அவன் மனைவியைப் பார்த்தான்.
அவள் மாட்டைப் பார்த்தாள்.
"நாங்கள் இவ்விடத்து ஆட்கள், ஐயா.
இது இவ்விடத்துப் பேச்சு."

அவன் வீடு ஐந்தாவது.
முதல் நான்கு வீட்டுக்கும்
போலிஷ் என்று நானே எழுதிக்கொண்டேன்;
மேலே இருப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.
ஐந்தில் சலித்துப்போய்ச் சொன்னதையே எழுதினேன்.
கூட்டிப் பார்த்தால்
ஏழு லட்சம் பேர் இவ்விடத்தார்.
ப்ரெஸ்த் அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம்.
நானும்தான்.

பிறகு
கிழக்கிலிருந்து வந்தவர்கள்
வேறு தாள் கொண்டுவந்தார்கள். அதில் என் பெயர் இருந்தது.
ரயில், பனி, பாலைவனம், இத்தாலி,
யார்க்‌ஷயரில் ஒரு தகரக் கொட்டகை.
மாகாணத்தை யாரோ மேஜைவிரிப்பைப்போல
மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஹ்வேதர் அங்கேயே இருக்கலாம்.
மூன்று கொடிகள் அவன் வாசலைத் தாண்டிப் போயிருக்கும்,
அவன் படகைக்கூட நகர்த்தியிருக்க மாட்டான்.
அல்லது ஊரோடு எரித்திருப்பார்கள்.
தெரியாது.

அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால்
இவ்விடம் நலம் வரைக்கும் வருகிறது.
அவ்விடத்துக்கு
விலாசம் இல்லை.

"போலந்தா, ரஷ்யாவா, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்,
உருளைக்கிழங்கு குழைகிறது."

மாட்டைத் தேடினேன்.
சன்னலில்
ஆலைப் புகைபோக்கிதான் நின்றது.

அவளே எதையோ எழுதிக்கொண்டாள்.
எட்டிப் பார்க்கவில்லை நான்.
அந்த நான்கு வீட்டாரும்
பார்க்கவில்லை.